தன்மைப் பன்மை

டிராப்சோன் நீதிமன்றத்தில்
மொழிபெயர்ப்பாளருக்கு நாற்காலி கிடையாது.
கூண்டை ஒட்டி நின்றேன், பதினேழு நாள்.
அவன் "நான்" என்றால்
நானும் "நான்" என்றே சொல்லவேண்டும். அது விதி.

நான் விமானத்தைக் கடத்தினேன் என்றேன்.
தட்டச்சுப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
என் காலில் புதுச் செருப்பு.
கைப்பைக்குள் மதியத்துக்கு எள் தூவிய வளைய ரொட்டி.
கையெறிகுண்டின் வளையத்தில்
விரல் நுழைத்திருந்தேன் என்றேன்.

பெயர் அல்வி. வயது இருபத்துநான்கு.
க்ரோஸ்னியில் டிராம் ஓட்டப் பழகியவன்,
ஆலையிலிருந்து சந்தை வரை, ஏழாம் எண் தடம்.
வளைவு வருமுன் பாதத்தை எப்படித் தளர்த்தவேண்டும் என்று
யாரும் கேட்காமலே சொன்னான்.
சம்பந்தமில்லை என்றார் அரசு வழக்கறிஞர்.
அதையும் அவனுக்கு மொழிபெயர்த்தேன்.

பிறகு தண்டவாளத்தின் மேல் பீரங்கி வண்டி வந்தது.
உப்பு வாங்கப் போன தம்பி தூர்க்கோவைச்
சோதனைச் சாவடியில் இறக்கிக்கொண்டார்கள்.
பிடிபட்டோர் பட்டியல் ஒட்டும் சுவருக்கு
பதினொரு முறை நடந்தான் அல்வி.
பதினொன்றாவது முறை
சுவரே இல்லை.

நிலவறையில் யூனுஸ் என்பவன் பூட்ஸ் கொடுத்தான்.
ஒரு மாதம் ஒன்றும் கேட்கவில்லை.
"அளவு சரியாக இருந்ததா?" என்றார் நீதிபதி, ஏனோ.
ஒரு எண் பெரிது. காகிதம் அடைத்துக்கொண்டேன்.
இரண்டாம் மாதம் ஒரு வீடியோ நாடா.
மூன்றாம் மாதம், கேள்விபோல இல்லாத ஒரு கேள்வி:
தூர்க்கோ என்ற பெயர் இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு வாக்குமூலத்தில் "நான்" இல்லை.
நாங்கள் முடிவுசெய்தோம்.
நாங்கள் ஏறினோம்.
எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.
ஏறியது அவன் ஒருவன். வாங்கியது ஒரு டிக்கெட்.

மலை தாண்டி இங்கே வந்து
நூற்று முப்பது வருடமான குடும்பம் என்னுடையது.
எங்கள் செச்செனில் பாதிச் சொற்கள் உதிர்ந்துவிட்டன,
இந்த இரண்டும் உதிரவில்லை:
"த்கோ" என்றால் நாங்கள், நீ வெளியே நில்.
"வாய்" என்றால் நாம், நீயும் உள்ளே வா.
துருக்கியில் இரண்டுக்கும் ஒரே "பிஸ்".
பதினேழு நாளும்
அவனுடைய நாங்களை எல்லாம்
அந்த ஒற்றைக் கதவு வழியாகவே அனுப்பினேன்.

ஒன்பதாம் வரிசைக் கணக்காளர் வாலெரி குஸ்மிச்சின்
இதய மாத்திரை தலைக்கு மேல் பெட்டியில் இருந்தது.
எழக்கூடாது என்று உத்தரவு.
பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி
சாட்சிக் கூண்டில் அந்த டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.
"எழக்கூடாது என்று சொன்னது யார்?"
நாங்கள்.
"எனக்கு ஒரு குரல்தான் கேட்டது."
அவன் டப்பாவைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன். இன்னும் நிறைய இருந்தன,
வெள்ளை, சின்னஞ்சிறியவை.

கடைசி நாள்.
கருங்கடலுக்கு மேலே எரிபொருள் தீர்கிறது என்றார் விமானி.
பணிப்பெண் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.
நான் அவளிடம் கேட்டேன், என்று சொல்லிவந்தவன்,
ரஷ்ய மொழியில் கேட்டதைச்
செச்செனில் திருப்பிச் சொன்னான்:
"நாம் விழுந்துவிடுவோமா?"

வாய்.

அவன் கவனிக்கவில்லை.
எனக்குத்தான் தொண்டை அடைத்தது.
பணிப்பெண்ணும், அழுத குழந்தைகளும்,
ஒன்பதாம் வரிசையில்
முகத்தில் கோட்டு மூடிக் கிடந்தவரும்
அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தார்கள்.
தாமதமாக.
கோட்டுக்கு அடியில் இருந்தவருக்கு மிகவும் தாமதமாக.

"பிஸ்" என்றேன்.
தட்டச்சுப் பெண் மூன்று விசைகளைத் தட்டினாள்.
வேறு ஏதாவது சொல்லவேண்டுமா, நீதிபதி கேட்டார்.
இல்லை என்றான்.
இல்லை என்றேன்.